டென்ட் கொட்டாய் மணல்

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு ஈடாக வீடு எழுப்பிய பொம்பளை மேஸ்திரி வானூர்ப் பக்கம் கிடையாது. நேற்று நான் கட்டும் மாடிவீட்டு வாசலில் லாரி மணல் கொட்டியபோது, அந்த ஈர வாசனை என்னைக் கண்டாச்சிபுரத்தில் இன்று சுவடே இல்லாத சினிமா டென்ட் கொட்டாய்க்கு இழுத்துப் போனது. அங்கே தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து அதன்மேல் உயரமாக உட்காருவார்கள்; காலனிக்காரர்கள் நாங்கள் மட்டும் குவிக்கக் கூடாது. பத்து வயதில் நான் குவித்தேன்.

“ஏய், எறங்குடி! தலை மறைக்குது,” என்றார் பின்னால் தன் மேட்டில் உட்கார்ந்திருந்த நிலக்காரர்.

“மறைச்சா நீங்க இன்னும் குவிச்சிக்கங்க.”

“எறங்குடி, நாளைக்கு அவரு கொல்லையிலதான் மல்லாட்டை புடுங்கணும்,” என்று அவர் நிலத்தில் கடலை பிடுங்கும் கூலியை நம்பியிருந்த அம்மா கெஞ்சினாள்.

அவர் என் மேட்டைக் காலால் தட்டிவிட்டார். மறுபடி குவித்தேன், மறுபடி தட்டினார். மூன்றாம் தடவை என் கைகளோடு அம்மாவின் கைகளும் மணலை அள்ளின.

“ஒசரமா குவிடி. வேலை போனா போவட்டும்.”