சும்மா அடித்த அடி

மாத்தளையில் மிளகுக் கடையொன்றில் மூட்டை சுமந்த கணபதி, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர். கலியாணமான மறுவாரமே கிருஷ்ணம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் தோளில் உறுமியை மாட்டிவிட்டால் அவர் வேறு ஆள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒரு உறுமல் எழுப்பினால், கேட்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவரிடம் அழைப்பு அடி என்று ஒன்று இருந்தது. வருடத்தில் ஒரே நாள், மாசி மகத்தன்று, முத்துமாரியம்மன் முன்னால் சூடம் எரியும்போது மட்டும் அதை அடிப்பார். விரதமிருந்து மஞ்சள் சேலை கட்டி நிற்கும் கிருஷ்ணம்மாவுக்கு அந்த அடிக்குத்தான் அருள் வரும். ஆடி முடிந்ததும் மலையேற்றும் அடி அடித்துச் சாமியை அனுப்பிவைப்பார். அழைத்த கைதான் அனுப்பவும் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கணபதி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

1969ஆம் ஆண்டு, கொழும்பு ஹோட்டலொன்றில் பியானோ வாசித்துவந்த வெர்னன் துரை ஒரு இசைத்தட்டுப் போடக் கிளம்பினார். ஜாஸ் என்கிற மேல்நாட்டுச் சங்கீதத்தோடு கண்டி மேளம், சித்தார், உறுமி எல்லாவற்றையும் கலக்கப் போகிறாராம். ஊர் ஊராக விருந்தாளி வித்துவான்களைத் தேடினார். மாத்தளையில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஜைனுதீன், தன் சிநேகிதர் கணபதியைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார்.

மூன்று நாள் ராஜ உபசாரம்தான். துரை பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார், வாய் நிறைய “மாஸ்டர்” என்று கூப்பிட்டார். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். துரை கற்றுக்கொண்ட தமிழ் ஒரே சொல். அதுவும் கணபதி வார்த்தைக்கு வார்த்தை போடுகிற சொல்: சும்மா.

பெருமையடிக்காமல் இருக்க முடியுமா? கணபதி அழைப்பு அடியைப் பற்றி வாயை விட்டார். துரை உடனே அதைக் கேட்டார். அது அம்மனுக்கு உரியது, தட்டில் ஏறக் கூடாது என்றார் கணபதி. மூன்றாம் நாள் மத்தியானம் மற்றவர்கள் ஒலிப்பதிவு அறையைவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனபிறகு, துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சும்மா, மாஸ்டர். சும்மா.”

தன் காதுக்கு மட்டும் என்கிறார் மனுஷன் என்று கணபதி நம்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு லைட் ஒன்று எரிந்தது. மூட்டை சுமக்கிறவருக்கு அதன் அர்த்தம் எப்படித் தெரியும்? அடித்தார். வந்த சாமி அந்தரத்தில் நிற்கக் கூடாதே என்று மலையேற்றும் அடியையும் சேர்த்தே அடித்தார்.

மறுவருடம் தட்டு வந்தது. உறையில் விருந்தாளிகள் வரிசையில் மூன்றாவதாகக் கணபதியின் பெயர். ஜைனுதீனுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை, சந்தை நெரிசலில், கடை வாசலில் ஸ்பீக்கரைக் கட்டித் தட்டைச் சுழலவிட்டார். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டின் பெயரே ‘சும்மா’.

முதுகில் மூட்டையோடு நின்ற கணபதிக்குத் தெருவிலிருந்து தன் கையே கேட்டது. அழைப்பு அடி! அதன்மேல் துரையின் பியானோ துள்ளி விளையாடியது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்.

சந்தை நடுவில் கிருஷ்ணம்மா ஆடிக்கொண்டிருந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது, கையில் சற்றுமுன் வாங்கிய கருவாட்டுப் பொட்டலம். விரதமில்லை, மஞ்சள் சேலையில்லை. சிலர் கும்பிட்டார்கள், சிலர் சிரித்தார்கள். ஜைனுதீன் பதறிப்போய் ஊசியைத் தூக்கினார். பாட்டு நின்றது, அவள் நிற்கவில்லை. தட்டிலிருந்து மலையேற்றும் அடியைத்தான் துரை வெட்டி எறிந்துவிட்டாரே!

கணபதி வீட்டுக்கு ஓடி உறுமியை எடுத்துவருவதற்குள் அரைமணி நேரமாகிவிட்டது. குளிக்காத உடம்போடு, மிளகுத் தூசிக் கையோடு அடித்தார். அவள் விழுந்தாள். கண் திறந்ததும் கையிலிருந்த கருவாட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“நீங்களா கூப்பிட்டீங்க?”

இல்லை என்று எப்படிச் சொல்வார்? நம்பவைத்துக் கழுத்தறுத்தது துரைதான், ஆனால் அவள் காதில் விழுந்தது கணபதியின் கையடி அல்லவா?

ஜைனுதீன் துரைக்குக் காகிதம் எழுதினார். பதிலைக் கூனிக்குறுகி வாசித்துக் காட்டினார்.

“அந்தப் பாட்டுத்தான் எல்லாருக்கும் புடிச்சிருக்காம், கணபதி. அடுத்த தட்டுக்கும் ஒங்களை வரச்சொல்றாரு.”

“ஜைனுதீன் நானா, அந்தக் காகிதத்தை அடுப்புல போடுங்க” என்றார் கணபதி. அதற்குமேல் அவருக்குத் திட்டவும் தெரியவில்லை.

அடுத்த மாசி மகத்துக்குக் கிருஷ்ணம்மா இரட்டிப்பு நாள் விரதமிருந்தாள். மஞ்சள் சேலை கட்டி அம்மன் முன்னால் நின்றாள். கணபதி அடித்தார். சூடம் எரிந்து தீர்ந்தது, இன்னொன்று ஏற்றினார்கள். கை தோல் உரியும்வரை அடித்தார். அவள் கண்ணை அகலத் திறந்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

“ஏம்புள்ள, கேக்கலையா?”

“கேட்டுச்சு” என்றாள். “நெசமாத்தான் கூப்பிடுறீங்களா, சும்மா அடிக்கிறீங்களான்னுதான் தெரியலை.”