கஞ்சி வடிக்காத வீடு

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் குக்கர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. காஞ்சிபுரம் போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியைக் கூடத்தில் வைத்து, "பிரிச்சிப் பாரு" என்றார். பிரித்துப் பார்த்து நான் குதித்த குதியில் அவரே பயந்துபோனார். விறகு மிச்சம், புகை இல்லை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. இனிமேல் அவளோடு உட்கார்ந்து நிம்மதியாகப் பேசலாம் என்ற ஒரே சந்தோஷம்தான்.

அவள் கஞ்சிக்கு வருகிறவள். ஏரிக்கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் அவள் வீடு. நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகும் நாட்கள் தவிர, காலை பத்து மணிக்கெல்லாம் அலுமினியக் குண்டானோடு பின்சந்து வழியாகக் கொல்லைக்கு வந்துவிடுவாள். நாங்கள் சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த தண்ணீரும் அவள் மாட்டுக்கு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். வாலாஜாபாத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த ஊரில் வேறு யாரோடும் எனக்கு ஒட்டவில்லை.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முதலில் ஒரு டம்ளர் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பாள். அப்புறம் ஆரம்பிப்பாள் பாருங்கள்! என் மாமியார் மூத்த மகன் வீட்டிலிருந்து வந்துவிட்டுப் போனால், அந்த நடையை அப்படியே நடந்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். அதற்குள் உள்ளே அடுப்பு என்னைக் கூப்பிட்டுவிடும். "ஐயோ, சோறு கொழஞ்சி பூட்ச்சிடி!" என்று ஓடுவேன். "உங்க அடுப்பு ஒரு பேஜாரு அக்கா, ரெண்டு வார்த்த பேச வுடுதா?" என்பாள். கொல்லையில் நான் அவளுக்கு அக்கா. தெருவில் எதிரே வந்தால் மட்டும் அம்மா. அதை நான் ஏன் என்று கேட்டதில்லை.

பம்ப் ஸ்டவ்வில் குக்கரை ஏற்றினேன். அடியில் பருப்பு, மேலே சோறு. முதல் விசிலுக்குப் பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாடி அது சத்தம்?" என்று கத்தினார். திறந்து பார்த்தால் பருப்பு வெண்ணெயாக வெந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

மறுநாள் அவள் வந்தாள். குக்கரைக் கையில் தூக்கிக் காட்டினேன்.

"இனிமே கஞ்சியே கெடையாதுடி! தண்ணிய அளந்து ஊத்துனா போதும், எல்லாத்தயும் சோறே குடிச்சிடும்."

அவள் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் கீதுக்கா. அப்போ மாட்டுக்கு?"

"அரிசி களஞ்ச தண்ணி கீதே, எடுத்துக்கினு போ."

அந்தத் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? குண்டானின் அடி நனையும், அவ்வளவுதான். ஆனாலும் வந்தாள். நான்கு நாள் நினைத்தபடியே ஆசை தீரப் பேசினோம். அந்த நான்கு நாளை என்னவென்று சொல்ல! அடுப்பு கூப்பிடவில்லை, நான் எழுந்து ஓடவில்லை. அவள் பிறந்த ஊர்க் கதையெல்லாம் அப்போதுதான் முழுசாகக் கேட்டேன்.

ஐந்தாம் நாள் மதிலுக்கு மேல் அந்தத் தலை மறுபடியும் வந்தது. என்னிடம் இல்லை, அவளிடம்தான் கேட்டார்.

"இன்னாடி, இந்த வூட்லதான் கஞ்சியே வடிக்கறதில்லயே. வெறுங்குண்டான வெச்சிக்கினு இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற?"

அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்க்கத்தான் வந்தாள் என்று சொல்ல எனக்கு என்ன கேடு? "களஞ்ச தண்ணிக்கு வந்தா, இதோ கெளம்பிட்டா" என்றேன். அவள் எழுந்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொல்லையில் அவள் என்னை அம்மா என்றது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. முதலில் எனக்கு அவள்மேல்தான் கோபம். ஒரு வார்த்தை பொறுக்காதா, அவ்வளவு ரோஷமா என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். பத்து நாள் போனதும் கோபம் போய்விட்டது, ஏக்கம்தான் மிச்சம். குக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டுப் பானையை இறக்கினேன். "குக்கர் கெட்டுப்போச்சா?" என்றார் வீட்டுக்காரர். "வடிச்ச சோறுதான் எனக்கு ஒத்துக்குது" என்று புளுகினேன். தினமும் கஞ்சியை வடித்து மூடி வைப்பேன். பத்து மணியானால் பின்சந்தில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மத்தியானத்துக்குள் கஞ்சி ஆடை கட்டிவிடும். சாயங்காலம் அதை முருங்கை மரத்தடியில் கொட்டுவேன். நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கால்வாயைத் தாண்டினால் கூப்பிடு தூரம்தான். எங்கள் தெருப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. நானும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து ரேஷன் கடையில் அவளைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னோடு வரிசையில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய், "ஏண்டி வரல? தெனமும் உனக்காக வடிச்சி வெக்கறேண்டி" என்றேன்.

அவள் சிரித்தாள். இளைத்திருந்தாள். "மாட்ட வித்துட்டோம். இனிமே கஞ்சி எதுக்கு?"

"மாடு இல்லன்னா இன்னா, நீ சும்மா வா."

"சும்மாவா?" டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "யாராச்சும் கேட்டா இன்னான்னு சொல்றது?"

கேலியாகக் கேட்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நிஜமாகவே நின்று பார்த்தாள். பதில் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. என் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்ட யாருக்கு வித்தீங்க?" என்று கேட்டேன்.