அப்பா கொண்டு வந்த மேசைப் பலகை

சுடுதண்ணீரில் எலுமிச்சைப்புளியும் சவர்க்காரமும் கலந்து, அதற்குள் பித்தளைத் தோட்டாக் கோதுகளைப் போட்டுக் குலுக்கினால் ஒரு மணம் வரும். சில்லறைக் காசை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் வருமே... அந்த மணம். சுவிஸில், பாடன் நகரில் எங்கள் வீட்டுக் குசினி ஒரு காலத்தில் அப்படித்தான் மணந்தது.

அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"சோறு வடிக்கிற தட்டிலை துவக்குக் கோதைக் காயப்போட்டிருக்கிறாள்! உங்கட மகளை என்னெண்டு கேளுங்கோவன்!"

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

நான் அப்போது தொழிற்பயிற்சி முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். கூட வேலை செய்த சாண்ட்ரா ஒருநாள் தன்னுடைய துப்பாக்கிச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இங்கே ஊருக்கு ஊர் உதைபந்தாட்டக் கழகம் இருப்பதுபோல அதுவும் இருக்கும். முந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி. அதில் ஒரு கறுப்பு வட்டம். மூச்சை அடக்கி, விரலை மெல்ல அழுத்தினால்... மற்றதெல்லாம் மறந்துபோகும். அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஆனால் போட்டிக்கு ஏற்ற நல்ல துவக்கு ரவைகள் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. கழகத்தில் பலர் சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைக் கழுவி, புது வெடிமருந்தும் முனையில் சன்னமும் வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். கோதுக்குள் சன்னத்தை அழுத்திப் பொருத்தும் 'பிறெஸ்' என்ற கருவி, சாண்ட்ரா பாவிக்காமல் வைத்திருந்த ஒன்றை, எனக்கே தந்துவிட்டாள். 'பிறோக்கி' என்று நாங்கள் சொல்லும் பழைய சாமான் கடையில் ஒரு மேசை கிடைத்தது. தராசும் அங்கேதான். எல்லாவற்றையும் எங்கள் அடுக்குமாடியின் கீழே, கெல்லர் என்ற நிலவறையில், அரிசி மூட்டைக்கும் குளிர்கால டயர்களுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

பிறெஸின் கைப்பிடியை இழுத்தால் மேசையும் சேர்ந்து வந்தது! அந்த ஆட்டத்தில் மருந்து நிறுக்கும் தராசின் முள் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. நிறை பிழைத்தால் துவக்கு முகத்துக்கு முன்னால் வெடிக்கலாம். அதனால் நான் கோது கழுவுவதோடு நின்றேன். ஒன்றைக்கூட நிரப்பவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சுவிஸின் தேசிய நாளான ஆகஸ்ட் முதலாம் திகதி வாணவேடிக்கைக்குக்கூட யன்னலைப் பூட்டிவிட்டு ரிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அவர் இருக்கும் வீட்டில்தான் நான் இந்த வேலையைத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் அவர் கெல்லருக்கு இறங்கி வந்தார். நான் மடியில் கோதுகளை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

"ஊரிலை இது ஒண்டு வீட்டு வளவுக்கை கிடந்தாக் காணும்... ஆமி வந்தால் ஆளைக் கொண்டு போயிடுவான். அவங்களே சுட்டுப்போட்டுப் போன கோதாத்தான் இருக்கும். ஆனா கிடக்கிறது எங்கட வளவெல்லோ."

"அப்ப என்ன செய்வியள் அப்பா?"

"முற்றம் கூட்டேக்கை பொறுக்கிக் கிணத்துக்கை போடுவம். பக்கத்து வீட்டு ராசன் அண்ணை ஒண்டைக் காணாமல் விட்டிட்டார்."

கையிலிருந்த கோதைத் திருப்பி என் மடியில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மேல்மாடி சுவிஸ்காரி ஒருத்தி உடுப்புக் கூடையோடு அந்த வழியால் போனாள். 'குறூட்சி' என்று வணக்கம் சொன்னாள். என் மடியை எட்டிப் பார்த்து, நன்றாகப் பளபளக்குது என்று சிரித்துவிட்டு, உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்விட்டாள். அப்பா அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மடியிலிருந்த கோதுகளை அள்ளி மேசையில் வைத்தேன். "அப்பா... நான் இதெல்லாத்தையும் சாண்ட்ராட்டையே திருப்பிக் குடுத்திடுறன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவர் மேசையில் கையை வைத்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"மேசை ஆடுது" என்றார். பிறகு மேலே போய்விட்டார்.

அடுத்த கிழமை, அவர் சமைத்துக்கொண்டிருந்த ஹோட்டலில் குசினியை இடித்துத் திருத்தினார்கள். அங்கே கழற்றிப் போட்ட ஒரு மரப் பலகையை, மரக்கறி வெட்டி வெட்டித் தழும்பு விழுந்த தடித்த பலகை அது, கூட வேலை செய்யும் செல்வம் அண்ணையோடு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்கப் படியால் இறக்கினார்கள். சுவரோடு சேர்த்து இரும்புச் சட்டம் வைத்து முறுக்கினார்கள்.

அம்மா படியில் நின்று, "இப்ப நீங்களுமோ?" என்றார்.

"பிள்ளை செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யட்டும். ஆடுற மேசையிலையே மருந்து நிறுக்கிறது?"

செல்வம் அண்ணை போன பிறகு, மரத்தூளைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கடதாசிக்கு மட்டும்தானே பிள்ளை?"

"ஓம் அப்பா. கடதாசிக்கு மட்டும்தான்."

தலையாட்டினார். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

அந்தப் பலகையில் நிரப்பிய முதல் ரவைகளைச் சுட்ட அன்று, கடதாசியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா அதைக் குசினி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டைகளுக்குள்ளால் பார்த்தார். அம்மாவும் எட்டிப் பார்த்து, "இந்த ஓட்டைக்கோ இவ்வளவு பாடு?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்... கனகாலத்துக்குப் பிறகு.

இப்போது திரிம்பாக் என்ற ஊர்ப் பக்கம் எனக்கென்று ஒரு வீடு. பலகையும் என்னோடு வந்துவிட்டது. புது பிறெஸ், டிஜிட்டல் தராசு, நல்ல லைட். ரவைகளைப் பெட்டி பெட்டியாகக் கடையில் வாங்கவும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் அப்பா கவிழ்த்துப் போட்ட வாளியில் வந்து குந்தியிருப்பார். ஒன்றும் கதைக்கமாட்டார். நான் நிரப்பி முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போவார். இப்போது படியிறங்க அவருடைய முழங்கால் விடுவதில்லை. இந்தக் கெல்லரில் எல்லாம் இருக்கிறது... அவருடைய அந்த மௌனம்தான் இல்லை.

சூட்டு மைதானத்துக்கு அவர் இன்றுவரை வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. தன்னால் முடிந்ததற்கும் மேலே செய்தவரிடம் இன்னும் என்ன கேட்பது?

வெடி என்ற சொல்லை முன்பெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்போது சனிக்கிழமை மத்தியானமானால் போன் வரும்.

"என்ன பிள்ளை, வெடி முடிஞ்சுதோ? அம்மா கணவாய்க் கறி வச்சிருக்கிறா. ஆற முந்தி வா."