நூலகத்தை அழிக்கும் அண்ணி

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்தில் திறந்திருக்கும் பழைய லேப்டாப்பில் அண்ணி ஒரு நூலகத்தை அழித்துக்கொண்டிருக்கிறார். புத்தகங்கள், உறுப்பினர்கள், யார் எதை எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை என்ற விவரம், எல்லாம் போயே போய்விட்டன. பால் பொங்குவதற்குள் அத்தனையையும் பேக்கப்பிலிருந்து மீட்டுவிட வேண்டும். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பந்தயம். நூலகம் கற்பனை, பால் நிஜம். "இன்னைக்கும் பால்தான் ஜெயிச்சுது தம்பி," என்று அடுப்பைத் துடைக்கிறார்.

அண்ணிக்குத் தொழில் டேட்டாபேஸ் பராமரிப்பு. கம்பெனிகளின் கணக்கு வழக்கும் வாடிக்கையாளர் விவரமும் தங்கியிருக்கிற கிடங்குக்குக் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தில் போய் வருகிற வேலை. பணத்தைக் கொட்டி உரிமம் வாங்க வேண்டிய ஒரு பெரிய மென்பொருளிலேயே தலை நரைக்கிற வரை காலம் தள்ளினார். போன வருடம் கம்பெனிகளுக்கெல்லாம் திடீரென்று சிக்கன புத்தி வந்தது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்குத் தாவினார்கள். விளம்பரத்துக்கு விளம்பரம் அது தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். அண்ணியின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை.

"விலை குடுத்து வாங்கறதைக் கத்துக்கிட்டவளுக்கு விலை இல்ல. சும்மா கிடைக்கறதுக்குத்தான் கிராக்கி," என்பார். "என் சர்டிபிகேட்டெல்லாம் பரண்ல கெடக்கு. அதைத் தின்னுத் தின்னு கரப்பான் பூச்சிங்க என்னைவிட நல்லா தேறியிருக்கும்."

பதினோரு மாதமாகப் புதியதைக் கற்கிறார்; அடுப்பங்கரை நூலகம் அதற்கான பயிற்சி. "அம்பது வயசு நெருங்கறப்ப ஆனா ஆவன்னா!" என்று தானே சொல்லிச் சிரிக்கிறார். விரல்களுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பழைய மென்பொருளின் கட்டளையை அடித்துவிட்டு, பிழை என்று திரை முறைத்ததும், "மன்னிச்சுக்கோப்பா, வீடு மாறி வந்துட்டேன்," என்று அதனிடம் சொல்வார். எதை அடித்தாலும், எண்டர் தட்டுமுன் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்தாக வேண்டும். தொழில் கற்றுக்கொடுத்த பயம். லிஃப்டிலும் அப்படித்தான். "மூணாவது மாடி. மூணாவதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். அதற்குள் பொறுமை இல்லாதவர்கள் படியேறிப் போய்விட்டிருப்பார்கள்.

நான் அவருடைய கொழுந்தன். அவர்கள் வீட்டு ஓர அறையில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். அதாவது, இந்த வீட்டில் வேலையில்லாதவர்கள் இரண்டு பேர், அதை ஒப்புக்கொள்கிறவர் அண்ணி மட்டும்தான். அண்ணன் எங்களை ஒன்றும் சொல்வதில்லை. காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது ஷூவைக் கீழே போடுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

ஒப்பந்த வேலை நேராக வந்து கதவைத் தட்டாது. நடுவில் ஏஜென்ட்கள் உண்டு. கம்பெனியின் பெயரை அவர்கள் கடைசி வரை சொல்லமாட்டார்கள், சொன்னால் நாம் நேரே போய்விடுவோமாம். அண்ணிக்கு வாய்த்தவர்கள் மூன்று பேர். அவர் வைத்த பெயர்கள் தேன்குரல், தும்மல், அவசரம். மூவரும் ஒரே வாரத்தில் அழைத்தார்கள். "பெரிய கம்பெனி மேடம், ஓப்பன் சோர்ஸ் ஆள் கேக்கறாங்க, உங்க பேரைக் குடுத்துடட்டுமா?" மூன்று வேலை! அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மூவரிடமும் சரி என்றார். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே நாற்காலி. ஒரே ஆள் மூன்று வழியாக வந்தால் எந்த ஏஜென்டுக்குத் தரகு கொடுப்பது என்ற வம்பு வரும். அதனால் ஆளையே தள்ளிவிடுவது அங்கே வழக்கம். தள்ளிவிட்டார்கள்.

"போட்டி ரொம்பக் கடுமை தம்பி. என்னை நானே தோக்கடிச்சுட்டேன்," என்று சிரித்தார். ஆனால் மறுநாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. நூலகம் முழுசாக இருந்தது, பாலும் பொங்கவில்லை. அடுத்த மாதம் வந்தால் அவர் வேலையில்லாமல் இருந்து ஒரு வருடம். பயோடேட்டாவில் ஒரு வருடம் காலியாகக் கிடந்தால், ஏஜென்ட்கள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவசரம் இன்னொரு நேர்முகத் தேர்வு பிடித்துக் கொடுத்தார், வீடியோவில் நடப்பது. தேர்வன்று காலை போனில் வந்தார். "மேடம், ஓப்பன் சோர்ஸ்ல எட்டு வருஷம்னு போட்டிருக்கேன். கேட்டா ஆமான்னுடுங்க. எல்லாரும் அப்படித்தான்." அண்ணி பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப். அண்ணிக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வெளுத்துப்போன பைஜாமா. கேமராவில் விழாமல் மேசை ஓரத்தில் நான். "பயம் வந்தா என்னை நானே கிண்டல் பண்ண ஆரம்பிச்சுடுவேன். கையைத் தூக்குங்க, நிறுத்திக்கறேன்," என்பது உத்தரவு.

கம்பெனி தரப்பில் திரையில் வந்தது சின்னப் பெண், தூங்காத கண். எடுத்த எடுப்பில் கேட்டார்: "இதுல எட்டு வருஷ அனுபவமா மேடம்?"

நான் பலமாக ஆமாம் என்று தலையாட்டினேன். என்னை யார் பார்த்தார்கள்!

"இல்லீங்க. எட்டு வருஷம்னு ஏஜென்ட் ஆசைப்பட்டிருக்காரு. எனக்குப் பதினோரு மாசம்தான். அதுவும் அடுப்பங்கரைல."

என் கை தானாக மேலே போனது.

"தினம் ஒரு டேட்டாபேஸை நானே உடைச்சு, நானே எழுப்பறேன். எழுந்திருக்காத நாளும் உண்டு. ஏன் எழுந்திருக்கலன்னு சொல்லத் தெரியும்."

அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்களோடது ஒண்ணு காலைலேர்ந்து எழுந்திருக்க மாட்டேங்குது," என்றார் அந்தப் பெண், சற்றுத் தாழ்ந்த குரலில். "சோதனைக்கு வெச்சிருக்கறதுதான். கொஞ்சம் பார்க்கறீங்களா?"

திரையில் வரிவரியாகப் பிழைகள் ஓடின. அண்ணி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முன்னால் குனிந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் அந்தரத்தில் நின்றிருந்த என் கையைப் பிடித்து மேசை மேல் இறக்கி வைத்தார்.