பென்ஷனுக்கு எடுத்த ஜோடி போட்டோ

முகத்தில் அடிக்கும் பெரிய பல்பின் சூடு... வியர்வையில் குழைந்த பவுடர் வாசனை... தேரடித் தெருவில் இருந்த அந்த ஸ்டூடியோவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் அடித்துப் போடுகிறாள். கைநாட்டு வைத்தே ரோடு டிபார்ட்மென்டில் காலம் தள்ளினவன் நான். செங்கம் ரோட்டில் தார் ஊற்றிய கேங்கில் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் கேங்கில் மூத்தவர் ஏகாம்பரம் அண்ணன் ரிடையர் ஆகப் போகிறார். பென்ஷன் பேப்பர் பார்க்கிற கிளார்க் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சம்சாரத்தோட சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கினு வாய்யா."

அண்ணன் முகம் சுருங்கிப் போனது. "தனியா எடுத்தா ஆவாதா சார்?"

"உனக்கு ஆவும். நீ பூட்டா அந்தம்மாவுக்கு? கஜானாவுல மூஞ்சி பாத்துதானே குடுப்பாங்க?"

சங்கடம் என்னவென்றால், அவர் மனைவி பச்சையம்மா அண்ணி பல வருஷமாக அவரோடு இல்லை. அண்ணியின் அம்மா செத்தபோது, தீபத் திருவிழாவுக்கு ரோடு வேலை இருக்கிறது, லீவு இல்லை என்று இவர் போகவில்லை. கருமாதிக்கும் போகவில்லை. சாவு வீட்டுக்குப் போன அண்ணி, அடி அண்ணாமலையில் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். பிள்ளை கிடையாது. நாளைக்குத் தம்பி கைவிட்டால் அண்ணிக்குச் சோறு போட ஆளில்லை.

கேங்கில் ஒருத்தன் கிண்டலாகச் சொன்னான். "விடுண்ணா... எவளையாச்சும் பக்கத்துல உக்கார வெச்சி எடுத்துக்க. கிளார்க்குக்குத் தெரியவா போவுது?"

அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "போனவ அவ. அவ இடம் எங்கயும் போவல. தெரிதா?"



ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு நடந்தார். அண்ணி வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அண்ணனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"இன்னா கொழுந்தனாரே, எங்க ஊருக்கு ரோடு போட வந்தீங்களா?"

"இல்ல அண்ணி... பென்ஷனுக்கு ஒரு போட்டோ..."

"எங்கம்மா சாவுக்கு வராத ஆளு, போட்டோவுக்குக் கூப்புட வந்துகிறாரா?"

அண்ணன் தள்ளி, புளியமரத்தடியில் நின்றபடியே சொன்னார். "நான் செத்தா உனக்குச் சோறு வரணும். அதுக்குதான்."

"செத்த பொறவு சோறு வருமாம். உசிரோட இருக்கசொல்ல ஒரு வார்த்த வர்ல!"

நான் திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் வந்து மல்லாட்டைக் குவியலுக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தார். நாலைந்து கை உரித்த பிறகு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும், பச்சம்மா."

குவியல் பாதியான பிறகு அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னா பொடவ கட்டிக்கினு வரணுமாம்?" உடனே, "போட்டோவுக்கு மட்டும்தான். ஊட்டுக்கு வர மாட்டேன்."

ஸ்டூடியோவில் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவர் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்துச் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. நடுவுல ஒரு ஆளு உக்காரலாம் போல கீது."

"எங்கம்மா உக்காந்துகினு கீது" என்றார் அண்ணி.

போட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கியபோது, அண்ணியே நகர்ந்து பக்கத்தில் வந்திருந்தார்.

ஆனால் சொன்ன சொல்லை அண்ணி மாற்றவில்லை. வீட்டுக்கு வரவேயில்லை. ரிடையர் ஆனதும் ஏகாம்பரம் அண்ணன்தான் துணி மூட்டையோடு அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தார்!

மாசா மாசம் கஜானாவுக்கு வருவார். வெளியே வேப்பமரத்தடியில் கிழவர்கள் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். நான் போயிட்டா அவளுக்கு வருமா? முழுசா வருமா, கம்மியா வருமா? யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்? அண்ணன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். "மொதல்ல ஜோடியா போட்டோ எடுத்துட்டியா?"

சில வருஷம் கழித்து அவர் காலமானார். சாவு சர்டிபிகேட்டோடு அண்ணியைக் கஜானாவுக்குக் கூட்டிப் போனது நான்தான். கிளார்க் போட்டோவைப் பார்த்தார். பொட்டில்லாத அந்த முகத்தைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு சங்கடத்தோடு, "கேக்கணும்மா... மறு கல்யாணம் எதுவும் பண்ணிக்கலியே?"

"இவரு பக்கத்துல வந்து உக்காரவே எனக்கு எத்தினி வருசமாச்சி தெரியுமா சார்?"

கிளார்க் சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தார். அப்புறம்தான் அழுதார்.

கடைசி வரைக்கும் அண்ணிக்கு அந்தப் பென்ஷன் வந்தது. தம்பி வீட்டில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தார். போட்டோ ஒட்டின பென்ஷன் புக்கு சாமி மாடத்தில்தான் இருக்கும்.

இப்போது ஆபீஸ் எல்லாம் வேங்கிக்கால் பக்கம் போய்விட்டது. எனக்கு அங்கேயும் போக வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கே சின்ன மிஷின் எடுத்து வருகிறார். கட்டைவிரலை வைத்தால், நான் உயிரோடு இருக்கிறேன் என்று அதுவே சொல்லிவிடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

என் பென்ஷன் புக்கிலும் ஒரு ஜோடி போட்டோ இருக்கிறது. என் வீட்டுக்காரி போய் நாலைந்து வருஷம் ஆகிறது. தபால்காரர் மிஷினை மூடிக்கொண்டு போன பிறகு, அந்தப் புக்கை எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்...

எங்களுக்கு நடுவில் இடமே இல்லை. போட்டோக்காரர் சொல்வதற்கு முன்னாலேயே அவள் நெருங்கி உட்கார்ந்துவிட்டாள்.