கேமராவுக்கு எட்டிய சோளம்

கைபேசியை நெஞ்சுயரத்தில் பிடித்தபடி வரப்பில் நண்டுபோலப் பக்கவாட்டில் நடக்கிறார் அந்த அம்மாள். திரும்பக் கூடாது. திரும்பினால் குட்டு உடைந்துவிடும்.

வீடியோ அழைப்பின் மறுமுனையில் கணவர். நகரத்தில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறார். ஏறி இறங்குவது லிஃப்ட்தான். அதற்குள் நின்றபடி அவர் செய்வது விவசாயம். மாதாமாதம் சோளத்துக்கென்று பணம் அனுப்புவார். தினமும் காலையில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே, சோளத்தைப் பார்வையிடுவார்.

"இலை வாடின மாதிரி இருக்கே?"

"உங்க போனுதாங்க வாடுது. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இலையைப் புடிச்சுக் காட்டற கையில, வெயில்லகூட எதுக்கு என் முழுக்கைச் சட்டை?"

"வெயிலுக்குத்தான்."

சட்டை, வெண்டைச் சுணை கையை அரிக்காமலிருக்க. சோளம் மொத்தமே ஐந்து வரிசை. கேமராவுக்கு எட்டும்வரை சோளம். எட்டாத நிலமெல்லாம் வெண்டை. மூன்று வருஷம் அவர் சம்பாத்தியத்தைச் சோளத்தில் கரைத்துப் பார்த்துவிட்டு, எந்த நிபுணர் குழுவையும் கூட்டாமல் அம்மாள் தனியாக எடுத்த கொள்கை முடிவு இது. இப்போது வெண்டை வீட்டை நடத்துகிறது. அவர் அனுப்புவதைத் தொடுவதில்லை. இன்னும் ஒரு விளைச்சல் கைகொடுத்தால், 'வேலைய விட்டுட்டு வந்துடுங்க' என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். அதற்குள் தெரிந்துவிட்டால், மனிதர் கோபித்துக்கொண்டு லிஃப்டிலேயே குடியேறிவிடுவார் என்று பயம்.

பக்கத்து வயல்காரிக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. "என்னக்கா, ஷூட்டிங் முடிஞ்சுதா?"

"ஹீரோ போன வெச்சுட்டாருடி. கூடைய எடு."

அடுத்த வாரமே ஹீரோ சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்துவிட்டார். ஐந்து வரிசையைத் தாண்டினார். பதினெட்டு மாடியும் ஒரேயடியாக இறங்கிய முகம்.

"சோளம் எங்க?"

"தினம் பாத்தீங்களே, அவ்வளவுதான்."

"அப்ப நான் அனுப்பின பணம்?"

"பாங்க்ல பத்திரமா இருக்கு. நீங்கதான் அங்க கால் கடுக்க நிக்கறீங்க."

அவர் குனிந்து ஒரு வெண்டையைப் பறித்து நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. நம்பாமல் இன்னொன்றை ஒடித்தார். அதுவும் டக். மூன்றாவதற்குக் கை நீண்டது.

"ஒடிச்சுப் பாத்தா வாங்கியே ஆகணும். சந்தையில அதான் சட்டம்" என்ற அம்மாள், அவர் தோளிலிருந்த பயணப் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, காலிக் கூடையை அவர் கையில் மாட்டினார்.