நாற்றம் நின்ற வெள்ளிக்கிழமை

ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது நச்சியல் தாள். நிரந்தர ஆசிரியர்கள் தொட விரும்பாத தாள்கள்தான் எங்களைப் போன்றவர்கள் தலையில் வந்து விழும். பெயரில் கௌரவம் இருந்தது, உட்கார நாற்காலி இல்லை. ஆய்வகத்து ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரமாகப் பாடம் தயார் செய்வேன்.

பிள்ளைகள் அதை 'விஷ கிளாஸ்' என்றார்கள். "மேம், இன்னிக்கு விஷம் உண்டா?" என்று படிக்கட்டிலேயே வழிமறித்துக் கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அதை முதல் வாரமே கண்டுபிடித்துக்கொண்டு என்னை ஆட்டிவைத்தார்கள். அவர்களிடம் எனக்கு அப்படியொரு ஒட்டுதல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் பக்கம் வண்டி திரும்பியதுமே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். ஒருநாள் வகுப்பில், "என்னப்பா உங்கள் ஊர், குடலைப் புரட்டுகிறது" என்று அலுத்துக்கொண்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா நாத்தம் மேம்? எங்களுக்கு ஒண்ணும் தெரிலியே."

நடிப்பில்லை, நிஜமாகவே தெரியவில்லை. பாதிப் பேர் வீட்டில் அப்பாவோ மாமாவோ தோல் வேலைதான். பிறந்த நாளிலிருந்து முகர்ந்த காற்று. "உங்களுக்குத்தான் மேம் ஜாஸ்தி அடிக்குது. ஒரு வருஷம் இருங்க, கம்மியாய்டும்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஆறுதல் வேறு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நாற்றத்தைத் தாங்குகிறவன்தான் இந்த ஊர்க்காரன் என்கிற பெருமை.

அந்தப் பெருமைதான் பரீட்சைத் தாளிலும் வந்து நின்றது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு எப்போது மிக ஆபத்தானது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் அதிகமாக அடிக்கும்போது ஆபத்து, நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று பொருள். காப்பியடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். காப்பி இல்லை. வீட்டில் கேட்டு வளர்ந்த பாடம் அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாள்களை மேசைமேல் போட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தேன்.

"உங்கள் மூக்கை வைத்துக்கொண்டா பாடம் படிக்கிறீர்கள்? அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமாகிவிட்டால் முதலில் மூக்கின் உணர்வைத்தான் கொல்லும். நாற்றம் சட்டென்று நின்றால் வாயு போகவில்லை, உங்கள் மூக்குதான் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மூச்சு இழுத்தாலே ஆள் சுருண்டு விழலாம்."

முன் பெஞ்சில் உட்காரும் பெண், அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேம், ஃபோன் பண்ணணும்."

வகுப்பில் ஃபோன் எடுத்தால் பிடுங்கி வைப்பது கல்லூரி விதி. "உட்காரு" என்று கத்தினேன். அவள் உட்காரவில்லை.

"எங்க நைனா டேனரில மேஸ்திரி மேம். வெள்ளிக்கெழம டேனரி லீவு, தொட்டிக்குத் தண்ணி வராதுன்னு இன்னிக்குத்தான் கழிவுத் தொட்டி கழுவுவாங்க. காலைலே மூடியத் தொறந்து வெச்சிட்டு, நாத்தம் நின்னப்புறம் எறங்குவாங்க."

"போடு" என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டாள். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று இப்போது நினைவில்லை, கூப்பிட்டது மட்டும் நிச்சயம்.

மூன்றாவது தடவை எடுத்தார்.

"இன்னா பாப்பா, காலேஜு இல்லியா?"

"நைனா, எங்க கீற?"

"தொட்டியாண்டதான் கீறேன். எறங்க வேண்டியதுதான்."

"எறங்காத நைனா! யாரையும் எறக்காத!"

"அட, நாத்தமே இல்ல பாப்பா. இப்பத்தான் குனிஞ்சி பாத்தேன். கப்புன்னு அடிச்சிது, அப்புறம் சுத்தமா நின்னுபோச்சி."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஃபோனை நான் வாங்கி, யார் பேசுவது என்று சொல்லி, படபடவென்று விளக்கினேன். முதலில் தொட்டியை விட்டுத் தள்ளி வாருங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் எத்தினியோ வருஷமா இதே வேலைதான் பாக்கறேன் டீச்சரம்மா. நீங்க ஒரு தொட்டியாச்சும் பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் இன்னா?"

படித்ததை எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அவர்தான் மெதுவாகக் கேட்டார், "எம் பொண்ணா அழுவுறா?"

"ஆமாங்க. நிற்கக்கூட முடியாமல் அழுகிறாள்."

பிறகு ஃபோனை வாயிலிருந்து விலக்கி அவர் போட்ட அதட்டல் எங்கள் வகுப்புச் சுவரில் மோதியது. "டேய்! எறங்காத! மேல வா! யாரும் தொட்டியாண்ட நிக்காதீங்க, இங்க வாங்க! உறிஞ்சற லாரி வரட்டும், மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்!"

'மேல வா' என்ற சொல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அப்படியானால் ஒருவர் ஏற்கெனவே ஏணியில் காலை வைத்துவிட்டார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோனில் காற்றின் இரைச்சல் மட்டும்தான். யாரோ செருமுவது கேட்டது. செருப்பு தரையில் தேயும் ஓசை கேட்டது. அப்புறம் இன்னொரு ஆண்குரல், நல்ல எரிச்சலில்:

"இன்னாபா பேஜாரு இது! பாதி எறங்கனவன மேல வா மேல வான்னு! வேலய செய்ய விடுறியா இல்லியா?"

அவ்வளவு அழகான எரிச்சலை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. வகுப்பே கைதட்டிக் கூச்சல் போட்டது. அந்தப் பெண் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக என்னிடம் சொன்னாள்:

"அது எங்க சித்தப்பா மேம்."